வாளியும் தொட்டியும்

1

ஆப்பிரிக்காவுக்கு வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்து தரும் ஏஜெண்டுகளிடம் ஒரு விதி இருக்கிறது. இரண்டு முகாம்களில் தங்குவதானால் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்கக் கூடாது. ஒன்று வறண்ட நிலத்தில் என்றால் அடுத்தது தண்ணீருக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒன்றில் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் மற்றதில் நடந்தோ ஓடத்தில் போயோ பார்க்க வேண்டும். ஒன்று எளிமை என்றால் மற்றது ராஜபோகம். வரிசையும் முக்கியம். எளிமை முதலில், போகம் பிறகு. மாற்றிப் போட்டால் பயணமே கெட்டுவிடும் என்கிறார்கள்.

இந்த விதியை எனக்குச் சொன்னவள் என் தங்கையின் மகள். பொட்ஸ்வானாவின் தலைநகரான காபரோனில் பதினைந்து வருஷமாகக் கணக்காளராக இருக்கிறாள். கடை வைத்திருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கணக்காளர்கள் என்று அந்த ஊரில் இந்தியர்கள் கணிசமாக உண்டு. நான் போனது அவள் செலவில். இரண்டாவது முகாமின் ஓர் இரவுக் கட்டணம் என் பென்ஷனில் பல மாதங்களை விழுங்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் சொல்லப்போகிற எதையும் வாசகர் இந்தத் தகவலோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

“மாமா, முதல் மூணு நாள் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அப்புறம் மூணு நாள் ராஜபோகம். முதல்ல கஷ்டப்பட்டாத்தான் அந்த போகம் தெரியும்” என்றாள், புறப்படுவதற்கு முந்தின நாள் ராத்திரி.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று நாமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் வெயிலில் போயே தீரவேண்டியிருந்தவன். பிழைப்பு அவனை வெயிலுக்கு அனுப்பியது. வழியில் ஒரு மரம் இருந்தது. அவன் ஒன்றைத் தெரிந்துகொண்டான். நிழலை ருசிப்பதற்காக வெயிலை விலைக்கு வாங்குகிறவன் தெரிந்துகொள்வதும் அதேதானா? அல்லது முன்னது அறிவு, பின்னது நாக்கை ஏமாற்றும் தந்திரம் மட்டும்தானா? இந்தக் கேள்வி பயணம் முழுக்க என்னோடு இருந்தது என்று சொன்னால் அது பொய். ஊர் திரும்பிய பிறகு, நண்பர் ஒருவர் என்னைச் சீண்டியபோதுதான் அது உருக்கொண்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

2

ஜூலை அங்கே குளிர்காலம். முதல் முகாம் மத்திய கலஹாரி வனவிலங்கு ரிசர்வின் வடபகுதியில் இருந்தது. ரிசர்வின் பரப்பு 52,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கேரளத்தைவிடப் பெரிது. எந்தக் காலத்திலோ ஓடி நின்றுபோன ஆறுகளின் படுகைகள் புல் முளைத்துத் தட்டையாகக் கிடக்கின்றன. வெகுகாலம் தண்ணீர் குடிக்காமல் செடிகொடிகளின் ஈரத்திலேயே உயிர் வாழக்கூடிய ஓரிக்ஸ் மான்கள் அந்தப் புல்லில் நிற்கின்றன. நிற்பதைத் தவிர வேறு எதையும் செய்ய விரும்பாத ஒரு பிராணியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது மனசுக்கு எவ்வளவு நல்லது என்று அங்கேதான் தெரிந்தது.

ஆளுக்கு ஒரு சின்னக் கூடாரம். உள்ளே கட்டில், போர்வைகள், ஒரு லாந்தர். பின்பக்கம் கான்வாஸ் தடுப்பு. அதற்குள் மரக்கிளையிலிருந்து கயிற்றில் தொங்கும் வாளி. வாளியின் அடியில் பூவாளியில் இருப்பதுபோல் துளைகள் போட்ட ஒரு மூக்கு. மாலையில் சொல்லி வைத்தால் விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றி, கயிற்றை இழுத்து மேலே ஏற்றிவிட்டுப் போவார்கள். இருபது லிட்டர் இருக்கலாம். சோப்புப் போட்டுக்கொள்ளும்போது மூக்கை மூடிவிட வேண்டும். மறந்தால் நுரையோடு நிற்க வேண்டியதுதான். முதல் நாள் நான் நின்றேன்.

அந்தக் குளியலில் ஓர் ஆனந்தம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மேலே கூரை இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம். உடம்பில் விழுந்த ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக உணர்ந்தேன். தண்ணீர் என்ற பொருளை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை என்றுகூடத் தோன்றியது. மனிதனுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று அன்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

அதே ராத்திரி படுக்கையில் காலை நீட்டியபோது ஏதோ வெதுவெதுப்பாக, மெத்தென்று பாதத்தில் பட்டது. ஏதோ பிராணி என்று நினைத்து அலறிவிட்டேன். வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. நாங்கள் நெருப்பைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஓசைப்படாமல் வந்து போர்வைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தோம். அலறியவன் நான் ஒருவன் மட்டும் இல்லையாம்.

அந்த ரப்பர் பைதான் அந்த முகாமின் இலக்கணத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது. விருந்தாளிகள் எட்டுப் பேர். எங்களுக்காக வேலை செய்தவர்கள் எங்களைவிட அதிகம். சமைக்க, விறகு வெட்ட, வெந்நீர் சுமக்க, மலத்தொட்டியில் மணல் போட, ராத்திரி கூடாரம் வரை டார்ச்சோடு துணைக்கு வர என்று ஆட்கள். அந்த இருபது லிட்டரும் லாரியில் வெகுதூரத்திலிருந்து வருகிற தண்ணீர். சாமான்களைக் குறைத்து ஆட்களைக் கூட்டுவதுதான் அங்கே எளிமை. ஒரு குழாய் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். அந்த மூன்று பேர் கண்ணில் படாமல் இருப்பதில்தான் எளிமையின் வெற்றி இருக்கிறது. மனிதனுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கொஞ்சத்தைத் தாங்கிப் பிடிக்க எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

இது புதிதும் அல்ல. சஃபாரி என்ற வார்த்தை அரபியிலிருந்து ஸ்வாஹிலிக்குப் போனது. வெறும் பயணம் என்று அர்த்தம். அதற்கு இன்றைய அர்த்தத்தைக் கொடுத்தவர்களில் ஒருவர் தியோடர் ருஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தார். கூடாரத்தில்தான் தூங்கினார். கூடவே, பன்றித்தோல் அட்டை போட்ட ஒரு புத்தகசாலையும் வந்தது. அதையும் மற்றதையும் சுமக்க நூற்றுக்கணக்கில் சுமைகூலிகள் வந்தார்கள். அவரும் மகனும் சுட்டுக் கொன்ற பிராணிகளின் கணக்கு ஐந்நூற்றைத் தாண்டியது. இன்றைய முகாம்களில் துப்பாக்கியின் இடத்தில் கேமரா இருக்கிறது. பித்தளை லாந்தரும் கான்வாஸும் அப்படியே இருக்கின்றன. ஆக, எங்கள் எளிமை, வேறொருவருடைய ஆடம்பரத்தின் ஞாபகார்த்தம்.

3

மூன்றாவது நாள் காலை ‘நடை’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது. தோலாடை அணிந்த மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் எங்களை அழைத்துப் போனார்கள். சான் மக்கள். உலகம் இவர்களைப் புஷ்மென் என்று அறியும். பெரும்பான்மையினரான ட்ஸ்வானாக்கள் பசர்வா என்பார்கள். ஒரே பெயரால் எல்லோரும் குறிப்பிட்டாலும் இவர்களுக்குள் க்வி, கானா என்று வெவ்வேறு மொழிகள், வெவ்வேறு குழுக்கள். நாக்கைச் சொடுக்கிப் பேசுகிற அந்த மெய்களை எழுத நம் லிபியில் வழி இல்லை.

பொட்ஸ்வானா பற்றி அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெஸ்ஸி ஹெட்டின் நாவல்கள் மூலம்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து அகதியாக வந்து, செரோவே கிராமத்தில் வாழ்ந்து, 1986-ல் இறந்துபோனவர். 1971-ல் வந்த ‘மாரு’ நாவலில் சான் இனத்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியை, தன் பிறப்பை மறைத்துக்கொண்டால் பிழைத்துப் போகலாம் என்ற இடத்தில் மறைக்க மறுத்துவிடுகிறாள். அவளை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாலு பேரையும் பார்த்தேன். இவர்கள் தங்கள் பிறப்பை மறைக்க வேண்டியதில்லை. காட்டுவதுதான் வேலை.

ஒரு காய்ந்த கொடியைக் காட்டி, அதன் அடியில் தோண்டி, குழந்தையின் தலையளவு கிழங்கு ஒன்றை எடுத்தார் பெரியவர். குச்சியால் சீவினார். சீவலைக் கைப்பிடிக்குள் வைத்துப் பிழிய, கட்டைவிரல் வழியாகச் சாறு சொட்டி வாயில் விழுந்தது. மீதிக் கிழங்கைப் பழையபடி மண்ணில் புதைத்து மூடிவிட்டார். அது மறுபடி வளருமாம். தீக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் நிரப்பிப் புதைத்து வைக்கும் முறையையும் செய்து காட்டினார்கள். எல்லாம் அழகாக இருந்தது. ஒருவர் பொய்யாக நடிக்கவில்லை. தெரிந்ததைத்தான் செய்தார்கள். அந்தக் கிழவரின் விரல்களில் இருந்த நிச்சயம் நம்மில் எந்த எழுத்தாளனின் விரல்களிலும் இல்லை.

இங்கிலீஷில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவன் இளைஞன். ஒரு மணி நேரம் கழித்து முகாமின் பின்புறம், சமையல் கூடாரத்துக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்தேன். ஜீன்ஸும் கம்பளிச் சட்டையுமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். வீடு எங்கே என்று கேட்டேன்.

“நியூ காடே, ர்ரா” என்றான். ர்ரா என்பது அங்கே ஆண்களை மரியாதையாக விளிக்கும் சொல். “ரிசர்வுக்கு வெளியில். என் பாட்டி உள்ளே பிறந்தவள்.”

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. தெரிந்த சரித்திரம்தான். 1961-ல், பிரிட்டிஷ் ஆட்சியில், இந்த ரிசர்வை ஏற்படுத்தியபோது விலங்குகளோடு அங்கே வாழும் சான் மக்களுக்கும் அது இடமாக இருக்கும் என்ற எண்ணம் இருந்தது. சுதந்திர நாட்டின் அரசாங்கம் 1997-லும் 2002-லும் அவர்களை வெளியே குடியேற்றியது. அவர்கள் இப்போது குதிரை வைத்திருக்கிறார்கள், ஒரே இடத்தில் தங்குகிறார்கள், இது வனவிலங்குகளோடு ஒத்துவராது, இவ்வளவு தூரத்தில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்த முடியாது என்பது அரசின் வாதம். 2002-ல் மொதொமெலோ என்ற இடத்தில் இருந்த ஆழ்துளைக் கிணறும் மூடப்பட்டது. வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதினார்கள். அவர்களில் ஒருவர், யூனிட்டி டவ், நாவலாசிரியரும்கூட. அந்த மக்களின் சம்மதமில்லாமல் நிலத்தைப் பறித்தது சட்டவிரோதம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. அதே சமயம் தண்ணீர் முதலிய வசதிகளை அரசு மறுபடி தர வேண்டியதில்லை என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு. திரும்பிப் போகலாம், தண்ணீர் கிடைக்காது. மூடிய கிணற்றைத் தங்கள் செலவிலேயே திறந்துகொள்வதற்கு அவர்கள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2010-ல் தோற்று, மேல்முறையீட்டில் 2011 ஜனவரியில் ஜெயித்தார்கள். இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அதே ரிசர்வுக்குள் நீச்சல் குளத்தோடு கூடிய ஒரு முகாம் திறக்கப்பட்டது.

எங்கள் முகாமில் நீச்சல் குளம் இல்லை. வாளிதான் இருந்தது. அதனால் நாங்கள் மேலானவர்கள் என்று எங்களில் ஒரு பெண்மணி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும்தான்.

அந்த இளைஞனும் இரண்டு முகாம்களைச் சேர்த்து வைத்திருப்பவன். காலையில் தோல், மாலையில் ஜீன்ஸ். காலையில் பாட்டியின் ஊர், லீவு நாளில் நியூ காடே. இதை யாரும் முரணின் அழகு என்று சொல்லி விற்பதில்லை. அவன் கிழங்கைப் பிழிந்து காட்டிய நிலத்தில் தண்ணீருக்காக அவன் மனிதர்கள் ஒன்பது வருஷம் காத்திருந்தார்கள். அதே நிலத்தில் நான், இருபது லிட்டரில் ஞானம் பெற்று, அதை நாட்குறிப்பில் எழுதினேன்.

4

நான்காவது நாள் ஒரு சின்ன விமானத்தில் வடக்கே போனோம். துணிப்பை மட்டும்தான் அனுமதி. அதற்கும் எடைக் கட்டுப்பாடு. மேலேயிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. அதில் ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி ஒரு நேர்கோடு.

“அது என்ன?” என்று பைலட்டிடம் கேட்டேன்.

“குக்கே வேலி.”

அந்த வேலியைப் பற்றிப் படித்திருந்தேன். 1950-களில் போட்டது. காட்டெருமைகளிடமிருந்து கோமாரி நோய் பண்ணை மாடுகளுக்கு வராமல் தடுப்பதற்காக. பிரிட்டனும் பிறகு ஐரோப்பாவும் மாட்டிறைச்சி வாங்க வேண்டுமானால் நோய் இல்லை என்று காட்ட வேண்டும். கலஹாரியின் வில்டபீஸ்ட் கூட்டங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மழை பெய்தால் வறண்ட நிலத்தில் மேயும். பஞ்சம் வந்தால் வடக்கே, தண்ணீர் இருக்கும் பக்கம் நடக்கும். வேலி அந்தப் பாதையின் குறுக்கே நின்றது. பஞ்ச வருஷங்களில், குறிப்பாக 1980-களின் தொடக்கத்தில், அவை பல்லாயிரக்கணக்கில் செத்தன. வேலி ஓரமாகவே நடந்து நடந்து விழுந்தன.

விமானம் அந்தக் கோட்டைத் தாண்ட ஒரு கணம்கூட ஆகவில்லை. வறட்சியிலிருந்து தண்ணீருக்குப் போகிற அந்த வழி ஏஜெண்ட் கண்டுபிடித்தது அல்ல. அது பிராணிகளின் வழி. அவற்றின் பின்னால் போன மனிதர்களின் வழி. அவர்களுக்கு அது ஜீவாதாரம். அந்த வழியை வேலியால் ஒரு முறை, சட்டத்தால் ஒரு முறை மூடியாகிவிட்டது. இப்போது அதே வழியில் தடையில்லாமல் போய்வர முடிகிறவன், போயே தீர வேண்டிய அவசியம் எதுவும் இல்லாத நான்.

கீழே நிறம் மாறியது. பழுப்பில் முதலில் பச்சைத் திட்டுகள், பிறகு கண்ணாடித் துண்டுகள் மாதிரி தண்ணீர். ஒக்கவாங்கோ. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்யும் மழை ஆறாகக் கிளம்பி, கடலுக்குப் போகாமல், கலஹாரி மணலுக்குள் விரிந்து முடிந்துபோகிறது. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. வருஷத் தொடக்கத்தில் பெய்த மழை வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. அதனால் பொட்ஸ்வானாவில் ஒரு பொட்டு மழை இல்லாத குளிர்காலத்தில்தான் அங்கே வெள்ளம் உச்சத்தில் நிற்கிறது. வருகிற தண்ணீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாகவும் மரம் செடிகளின் மூச்சாகவும் போய்விடுகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது.

இரண்டாவது முகாம் ஒரு தீவில். அங்கே பல தீவுகளுக்கு விதை கரையான் புற்று என்றார்கள். வெள்ளத்துக்கு மேல் தலை நீட்டும் புற்றில் பறவை எச்சம் விழுந்து, மரம் முளைத்து, மரத்தின் வேர் தண்ணீரை உறிஞ்சி, உப்பைத் தனக்கு அடியில் சேர்த்து வைத்து, தீவு வளர்கிறது. உப்பு இப்படித் தீவுகளின் நடுவில் பதுங்கிக்கொள்வதால்தான் சுற்றியிருக்கும் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

தரையில் கால் படாமல் மரப்பாலங்கள் மேலேயே நடந்து அவரவர் அறைக்குப் போகலாம். கூடாரம் என்று பெயர். கூடத்தில் ஒரு கல்யாணம் நடத்தலாம். வெளித் தாழ்வாரத்தில், வெள்ளத்தைப் பார்த்தாற்போல், சிங்கப் பாதங்கள் வைத்த ஒரு குளியல் தொட்டி. நான் அதில் குளித்தேன். தண்ணீருக்கு நடுவில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில் கிடந்தேன். நீர்யானை ஒன்று எங்கேயோ உறுமியது. மூன்று நாள் முந்திய வாளி நினைவுக்கு வந்தது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். ஏஜெண்டின் விதி பிசகாமல் வேலை செய்தது. வாளியை நினைக்க நினைக்கத் தொட்டி இனித்தது.

மறுநாள் ஓடத்தில் போனோம். மொகோரோ என்பார்கள். பின்னால் நின்றுகொண்டு நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். ஆழம் இடுப்பளவுதான். ஓடக்காரர் கழியை வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வெளிறிய மணல். மூன்று நாள் என் செருப்புக்குள் இருந்த அதே மணல். கலஹாரி முடிந்து ஒக்கவாங்கோ தொடங்கவில்லை. கலஹாரியின் மேல்தான் ஒக்கவாங்கோ கிடக்கிறது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டியவர்கள்தான். அங்கே அந்தக் கழி நுனியில் அது நேர்மாறாக இருந்தது. பாலையேதான் ஒரு பருவத்துக்கு மருதமாகத் தோற்றம் தருகிறது. முரண் என்று சொல்லி எனக்கு விற்ற இரண்டும் ஒரே நிலம்.

5

திரும்பி வந்ததும் நண்பர்கள் கூடும் இடத்தில் இதையெல்லாம் பேசினேன். வாளியைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினேன். நட்சத்திரம், துளித் துளியாக விழுந்த தண்ணீர், மனிதனுக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது எல்லாம். தொட்டியைப் பற்றி ஒரு வரி, அதுவும் கேலியாக. கவிஞரான நண்பர் ஒருவர் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்டார்: “வாளியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, தொட்டியில் குளிக்காமல் திரும்பியிருந்தால் பேசுவீர்களா?”

யோசித்துப் பார்த்தேன். பேசியிருக்க மாட்டேன். வெறும் வாளி மட்டும் இருந்திருந்தால் அது அசௌகரியம். முன்பு வாளி தொட்டியை இனிக்க வைத்தது. இப்போது தொட்டி என் வாளியை ஒழுக்கமாக்கித் தருகிறது. அங்கே ருசி, இங்கே நல்ல பெயர். இரண்டையும் வாங்கியவன் நான்.

நண்பர் விடவில்லை. “நீங்கள் குறை சொல்கிற இதைத்தானே நாம் கவிதையில் செய்கிறோம்? சம்பந்தமில்லாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். அதில் பொறி பறக்கிறது. ஏஜெண்ட் செய்தால் மட்டும் வியாபாரமா?”

இது லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. நான் கண்ட பதில் இது. நல்ல கவிதையில் இரண்டாவதாக வருகிற படிமம் முதல் படிமத்தை இருந்தபடி இருக்க விடுவதில்லை. அதைத் திருத்துகிறது, குற்றம் சாட்டுகிறது, சில சமயம் அழித்தே விடுகிறது. வாசகனும் தப்புவதில்லை. படித்து முடிக்கும்போது இரண்டு பொருள்களும் அவனும் இடம் மாறியிருக்கிறார்கள். ஏஜெண்டின் பட்டியலில் வாளி வாளியாகவே இருக்கிறது, தொட்டி தொட்டியாகவே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. பார்த்துக்கொண்டால் வாளி தொட்டியிடம் ஒரு கேள்வி கேட்கும். அதனால்தான் நடுவில் ஒரு விமானம். மாறுவது என் நாக்கு மட்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பினால் நிலைமை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. குடிசையையும் மாடி வீட்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்துவிட்டு, கடைசி வரியில் ஒரு நாயைக் குரைக்க விட்டால் கவிதை முடிந்தது என்று எத்தனை கவிதைகள் வந்திருக்கின்றன. நானே எழுதியிருக்கிறேன். அவையெல்லாம் பயணத் திட்டங்கள். குடிசையில் மூன்று வரி, மாடியில் மூன்று வரி தங்கிவிட்டு வாசகன் சௌக்கியமாக வீடு திரும்புகிறான். முரணைக் காட்டியதாலேயே முரணுக்குப் பொறுப்பேற்றுவிட்டதாக ஒரு திருப்தி நமக்கு.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ஆட்கள் குறைவாக, கட்டணம் அதிகமாக என்ற கொள்கையைப் பொட்ஸ்வானா 1990 வாக்கிலிருந்து தெரிந்தேதான் கடைப்பிடிக்கிறது. ஆப்பிரிக்காவில் வேறெந்த நாட்டையும்விட அதிகமான யானைகள் அங்கே இருக்கின்றன. ஒக்கவாங்கோவின் ஒரு பகுதியான மொரேமி ரிசர்வை 1963-ல் ஏற்படுத்தியது வெள்ளைக்காரன் அல்ல. பதவானா மக்களே, வேட்டையால் பிராணிகள் அழிவதைப் பார்த்துத் தங்கள் நிலத்தில் ஏற்படுத்தியது. அப்போதும் அந்த எல்லைக்குள் இருந்த சில சான் குடும்பங்கள் இடம் பெயர வேண்டியிருந்தது என்பது அந்தக் கதையின் இன்னொரு பக்கம். முகாம்கள் இல்லாத இடத்தில் மாடுகளும் இன்னும் பல வேலிகளும் வரும். அந்த இளைஞனுக்குச் சம்பளமும் கிடைக்காது. 2020-ல் விமானங்கள் நின்றபோது முகாம்கள் காலியாகி, அங்கே வேலை செய்தவர்கள் பட்ட பாட்டைத் தங்கை மகள் எழுதியிருந்தாள். ஆகவே யாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எனக்கு ரொம்பச் சுலபம், போய்வந்துவிட்டதால்.

என் பிரச்னை அதைவிடச் சிறியது. அதனாலேயே தப்ப முடியாதது. இன்னொருவருக்குக் கட்டாயமாக இருக்கும் ஒன்று எனக்கு விதவிதமாக ருசி பார்க்கும் வாய்ப்பாக வரும்போது, அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதாக நினைப்பதை அறிவு என்று அழைக்கலாமா? தண்ணீரின் அருமை தெரிந்தது என்று எழுதினேன். தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் மொதொமெலோவின் மூடிய கிணற்றடியில் இருந்தவர்கள். எனக்குத் தெரிந்தது தண்ணீரின் சுகம். அருமை என்ற சொல்லுக்கு எனக்கு உரிமை இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கிடைக்காமல் போய்விடலாம் என்ற பயம் இருந்தால்தான் அது அருமை. ராத்திரி எட்டு மணிக்கு ரப்பர் பை வரும் என்று தெரிந்தவனுக்கு அந்தப் பயம் எப்படி வரும்?

ஏஜெண்டின் விதியைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். முதலில் தொட்டி. பிறகு வேலியைத் தாண்டித் தெற்கே வந்து வாளி. பிறகு ரிசர்வையும் தாண்டி வெளியே போய், நிகழ்ச்சி நிரலில் இல்லாத நியூ காடே. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்ததைக் கேள்வி கேட்கும் வரிசை அது. பயணம் கெட்டுவிடும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் தங்கள் தொழிலை நன்றாக அறிந்தவர்கள்.

காபரோனிலிருந்து கிளம்பும்போது, “எது மாமா பிடிச்சிருந்தது?” என்று கேட்டாள் தங்கை மகள். இரண்டும்தான் என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பொய்யும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையைத் தலைகீழ் வரிசையில் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நியூ காடேயில் தொடங்கித் தொட்டி வரை பின்னோக்கிப் போக வேண்டும் என்று இரண்டு முறை முயற்சி செய்தேன். நான் நியூ காடேக்குப் போகவில்லை. அதனால் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் வாளியில் தொடங்கித் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த அதே வரிசை.